சமதரையில் விழுந்தவர்

வேலாயுதத்தின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை எட்டரை மணிக்கு, அவரைக் கொன்ற குழி அவருடைய வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அவர் மனைவி தனபாக்கியம் அப்போது வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். குழி தெருமுனையில் திரும்பி, நிறுத்தி வைத்திருந்த ஓர் ஆட்டோவைச் சுற்றிக்கொண்டு வந்தது. சைக்கிளில் போனவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். வாசற்படிக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது. உள்ளே வா என்று அவள் சொல்லவில்லை, போய்த் தொலை என்றும் சொல்லவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கூடத்தில் கிடந்த மேசையை நகர்த்தி இடம் பண்ணினாள். வேலாயுதம் மின்விசிறிகளுக்குக் காயில் கட்டிய மேசை அது. நகர்த்தியபோது டிராயருக்குள் செம்புக் கம்பிச் சுருள்கள் உருண்டன.

நெடுங்காவூரில் இது ஊரறிந்த நடைமுறை. ரோட்டில் கிடந்த குழியை மண் போட்டு மூடிவிட்டால் அது எங்கே போகும்? கடைசியாக யாரைப் பலி வாங்கியதோ அவர் வீட்டுக்குத்தான் போகும். பதினாறு நாள் ரயில்வே கேட் பக்கம் பொறுத்திருக்கும். துக்க வீட்டில் கூட்டமாக இருக்கும், இடைஞ்சலாகப் போய் நிற்கக் கூடாது என்கிற அளவுக்கு அதற்கு இங்கிதம் உண்டு. நகராட்சிக்கு அந்த இங்கிதமெல்லாம் கிடையாது, ஆனால் ஓர் ஏற்பாடு உண்டு. பொறியாளர் வருவார். இரண்டு லோடு மண்ணை இலவசமாகக் கொட்டி வீட்டுக் குழியை மூடுவார். ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். ஊரில் அப்படி மூடிய வீடுகள் பதினொன்று. கூடத்தின் நடுவே கொஞ்சம் மேடாக இருக்கும். பெரும்பாலும் அதன்மேல் டி.வி. ஸ்டாண்டு வைத்திருப்பார்கள்.

உதவிப் பொறியாளர் கோதண்டபாணி மூன்றாம் நாளே லாரியோடு வந்துவிட்டார். குழி வெட்டச் சொல்லிவிட்டு நாற்பத்தேழு நாள் அந்தப் பக்கமே தலைகாட்டாத மனுஷன், மூட வருவதில் என்ன சுறுசுறுப்பு!

"நடந்தது நடந்துபோச்சும்மா. காலேஜ் போற பொண்ணு இருக்கிற வீடு. குழியை வச்சுக்கிட்டு எப்படிப் புழங்குவீங்க? மண்ணைக் கொட்டி மூடிருவோம். இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார்.

தனபாக்கியம் தாளை வாங்கிப் படித்தாள். அவள் பள்ளிக்கூடத்துச் சத்துணவு சமையலர். பத்தொன்பது வருஷமாக முட்டைக் கணக்கும் அரிசிக் கணக்கும் எழுதுகிறவள், படிக்காமல் கையெழுத்துப் போடுகிற பழக்கம் கிடையாது. நாலாவது வரியில் இருந்தது: ‘மேற்படி நபர் தமது சொந்தக் கவனக்குறைவினால் கீழே விழுந்து இறந்தார்.’

"யாரோட கவனக்குறைவுன்னு எழுதியிருக்கீங்க?"

"அது வழக்கமா எழுதுற வாசகம்மா. எல்லாருக்கும் அதேதான்."

"பதினோரு பேருக்குமா?"

"அச்சடிச்சே வச்சிருக்கோம்" என்றார் கோதண்டபாணி, அதில் தப்பென்ன இருக்கிறது என்பதுபோல.

தனபாக்கியம் தாளை அவர் கையிலேயே திணித்தாள். "சார், என் வீட்டுக்காரர் இருபத்தாறு வருஷம் காயில் கட்டினவர். முந்நூத்தி எம்பது சுத்துன்னா முந்நூத்தி எம்பது சுத்துதான். நடுவுல இடி விழுந்தாக்கூட எண்ணிக்கையை விடமாட்டார். பொண்ணு பிறந்த சேதியைச் சொல்ல ஓடினவங்களை, இருங்க, இன்னும் அறுபத்தொம்பது சுத்து பாக்கின்னு நிக்க வச்ச மனுஷன். அவருக்கா கவனக்குறைவு? மண்ணை எடுத்துக்கிட்டுப் போங்க."

"கோர்ட்டு கேசுன்னு வீணா அலையப்போறீங்க."

"அலையுறேன். தினமும் இருநூறு பிள்ளைக்கு அண்டா தூக்கி இறக்குறவ நான். கால் நல்லாத்தான் இருக்கு."

லாரி மண்ணோடு திரும்பிப் போயிற்று. அதன் பிறகு அவள் செய்த முதல் வேலை, குழியைச் சுற்றி நாலு நாற்காலிகளைப் போட்டுக் கயிறு கட்டியதுதான். கயிற்றில் ஒரு சிவப்புத் துணியைத் தொங்கவிட்டாள். மகள் கௌசல்யா மேலே ஒரு பல்பு மாட்டினாள். எல்லாம் சேர்த்து இருபது நிமிஷம் ஆயிற்று. மேட்டுத் தெருவில், பால் பூத்துக்கு எதிரில், நாற்பத்தேழு நாள் அந்தக் குழி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தபோது யாருக்கும் அந்த இருபது நிமிஷம் கிடைக்கவில்லை.

மறுநாள் அவள் நீதிமன்ற வளாகத்தில் இருந்த இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் போனாள். அங்கே இருந்த ரஷீதா வக்கீலுக்கு முப்பது வயது இருக்கும். எதையும் சுற்றி வளைக்காமல் பேசினார்.

"மூணு வழி இருக்குக்கா. ஒண்ணு, போலீஸ்ல புகார். அஜாக்கிரதையால சாவுக்குக் காரணமானவங்கன்னு பொறியாளர் மேலயும் காண்ட்ராக்டர் மேலயும் வழக்குப் போடலாம். ரெண்டு, இங்க சிவில் வழக்கு. அவங்க தப்புன்னு தீர்ப்பு வாங்கலாம், நஷ்டஈடும் கேக்கலாம். மூணு, உயர் நீதிமன்றத்துல ரிட் மனு. மூணுக்கும் ஒரே சிக்கல்தான். அன்னைக்கு அங்க குழி இருந்துச்சுன்னு காட்டணும்."

"குழி என் வீட்டுக் கூடத்துல இருக்கே?"

"இருக்கு. ஆனா அவங்க காகிதத்தைப் பாருங்க." ரஷீதா ஒரு நகலை நகர்த்தினார். வேலை முடிந்ததற்கான சான்று. குழி அக்டோபர் மூன்றாம் தேதியே மூடப்பட்டதாக அதில் இருந்தது. வேலாயுதம் பால் வாங்கப் போய்ச் சைக்கிளோடு விழுந்தது ஐந்தாம் தேதி மாலை ஆறரை மணிக்கு. "இதன்படி, உங்க வீட்டுக்காரர் சமதரையில அஞ்சரை அடி ஆழத்துக்கு விழுந்திருக்கார். சமதரையில விழுந்தா கவனக்குறைவுதானேன்னு கேக்குறாங்க. நீங்க கையெழுத்துப் போடாமலே பதிவேட்டுலயும் அப்படியே ஏத்திட்டாங்க."

தனபாக்கியம் நகலை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "நஷ்டஈடெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் மேடம். முதல்ல அந்த வரியை அடிக்கணும். என் மக நாளைக்கு எந்த ஆபீசுல அவங்கப்பா பேரைத் தேடினாலும் அது வரக் கூடாது."

சிவில் வழக்கைத் தாக்கல் செய்தார்கள். போலீஸ் ஆய்வாளர் புகாரை வாங்கி வைத்துக்கொண்டு, கோர்ட்டில் குழி யாருடையது என்று தெரியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருப்பதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். தனபாக்கியம் அப்படிப் பேசியவர்களிடம் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

முதல் வாய்தாவுக்குக் குழியையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அவள் டவுன் பஸ்ஸில் போனாள். பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் குழிக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்க வேண்டும் என்றார் கண்டக்டர். எடுத்தாள். குழி பின்பக்கப் படிக்கட்டு ஓரமாக நின்றுகொண்டது. ஏறுகிறவர்கள் தாண்டிக் கால் வைத்து ஏறினார்கள்.

நகராட்சி வக்கீல் குழியை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்துவிட்டு, "இது வேற குழி, யுவர் ஆனர். எங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை" என்று ஒரேயடியாகச் சாதித்தார்.

நீதிபதி அடையாள அணிவகுப்புக்கு உத்தரவிட்டார். நீதிமன்றத்துக்குப் பின்னால், சைக்கிள் ஸ்டாண்டு அருகே, ஐந்து குழிகளை வரிசையாக நிறுத்தினார்கள். வேப்பங்கன்று நட வெட்டியது ஒன்று, டெலிபோன் கேபிளுக்கு வெட்டியது ஒன்று, எதற்கென்று தெரியாமல் வெட்டியவை இரண்டு. எல்லாவற்றிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். தனபாக்கியத்தைக் கூட்டிவந்து காட்டச் சொன்னார்கள்.

"மூணாவது" என்றாள், நிற்கக்கூட இல்லை.

"எப்படி இவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?" என்றார் நகராட்சி வக்கீல்.

"நாப்பத்தேழு நாள் அதைச் சுத்திக்கிட்டுத்தான் வேலைக்குப் போயிட்டு வந்தேன்."

"அப்போ அங்க குழி இருக்குன்னு தெரிஞ்சிருந்தும் கணவரை எச்சரிக்கை பண்ணலை, அப்படித்தானே?"

அவர் போன நாளிலிருந்து அவளே தன்னைக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. ஆனால் இந்த ஆளிடம் தலை குனிய அவள் தயாராக இல்லை. "தினமும் சொன்னேன். அவரும் தினமும் சுத்தித்தான் போனார். அன்னைக்கு மழைத் தண்ணி நிறைஞ்சு ரோட்டோட ரோடா நின்னுச்சு. தான் குழின்னு அதுக்கே தெரிஞ்சிருக்காது."

நீதிபதி எழுதிக்கொண்டார். மனுதாரர் சம்பந்தப்பட்டவர், அவர் அடையாளம் காட்டியது மட்டும் போதாது, அரசு ஆவணம் வேறு மாதிரி இருக்கிறது என்று சொல்லி மூன்று வாரம் தள்ளி வைத்தார். திரும்பும்போது தனபாக்கியம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். துக்கத்தைவிட ஆத்திரம்தான் அதிகம் அந்த அழுகையில். ஒரு மனுஷன் செத்ததற்கு மூன்று வரிச் சான்று பெரிதா, கண் முன்னால் நிற்கிற குழி பெரிதா? குழி படிக்கட்டு ஓரமாகச் சத்தம் காட்டாமல் வந்தது.

இந்த இடத்தில் நகராட்சியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தக் கட்டடத்தில் கீழ்த்தளம் பொறியியல் பிரிவு, மேல்தளம் நகரமைப்புப் பிரிவு. ஒரு டேபிள் ஃபேன் யாருக்கு என்று எட்டு வருஷத்துக்கு முன்னால் மூண்ட சண்டையில் இரண்டு பிரிவுக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. கீழே என்ன வழக்கு நடக்கிறது என்று மேலே தெரியாது. தெரிந்துகொள்வதைக் கௌரவக் குறைச்சலாகவும் நினைத்தார்கள்.

அடுத்த வாரம் மேல்தளத்திலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. கௌசல்யாதான் வாங்கிப் படித்தாள். உரிய அனுமதியின்றி வீட்டிற்குள் குழி வைத்திருப்பதற்கு ஏன் அபராதம் விதிக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். ஆய்வாளர் வந்து அளப்பார் என்றும் போட்டிருந்தது.

"அம்மா, இவங்களுக்கு வெக்கமே இல்லையா? அப்பாவைக் கொன்னதும் இல்லாம நமக்கே அபராதமா?" கௌசல்யா தாளைக் கிழிக்கப் போனாள்.

தனபாக்கியம் பிடுங்கி வாங்கி இரண்டு தடவை படித்தாள். அவர் போனதிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள். "கிழிக்காதடி. வரட்டும். நல்லா அளந்துட்டுப் போகட்டும்."

கட்டட ஆய்வாளர் தெய்வநாயகம் டேப்போடு வந்தார். பாவம், நேர்மையான மனுஷன். பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு உள்ளே இறங்கி, நீளம் நாலடி இரண்டங்குலம், அகலம் மூன்றரை அடி, ஆழம் ஐந்தரை அடி, அடியில் நகராட்சி முத்திரை போட்ட உடைந்த குழாய்த் துண்டு ஒன்று என்று ஒன்றுவிடாமல் எழுதினார். படிவத்தில் பதினாலு கட்டங்கள். பதினோராவது கட்டத்தைத் தாண்டி அவர் பன்னிரண்டுக்குப் போனபோது, டீ கொண்டுவந்த தனபாக்கியம் எட்டிப் பார்த்தாள்.

"சார், ஒரு கட்டம் காலியா இருக்கு. ‘குழி இதற்கு முன் இருந்த இடமும் காலமும்’."

"அது கிடக்கும்மா, யார் பார்க்கப்போறா?"

"அப்படிச் சொல்லாதீங்க. முட்டை ரெஜிஸ்டர்ல ஒரு கட்டத்தைக் காலியா விட்டதுக்கு எனக்கு மூணு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. மறுபடி நீங்கதான் வெயில்ல வந்து குழிக்குள்ள இறங்கணும்."

தெய்வநாயகத்துக்கு அது சரியென்று பட்டது. மேட்டுத் தெரு, பால் பூத் எதிரில் என்று எழுதினார். காலத்துக்கு யாரைக் கேட்பது? கீழ்த்தளத்தில் கேட்க மாட்டார். மண் லாரி ஓட்டும் சூசைக்குப் போன் போட்டார். சூசை தன் டிரிப் ஷீட்டைப் புரட்டிப் பார்த்து, அந்தக் குழிக்கு மண் அடித்தது ஆறாம் தேதி காலை ஏழு மணி என்றார். ‘ஆறாம் தேதி காலை ஏழு மணி வரை மேற்படி இடத்தில் திறந்த நிலையில் இருந்தது’ என்று எழுதி, தெய்வநாயகம் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஒரு பிரதியை அவளிடம் கொடுத்தார்.

"அபராதம் வரும்மா" என்றார் சங்கடத்தோடு.

"போடுங்க சார். எந்தக் குழிக்குன்னு மட்டும் ரசீதுல தெளிவா எழுதச் சொல்லுங்க."

அடுத்த வாய்தாவில் ரஷீதா அந்தப் படிவத்தையும் அபராத ரசீதையும் சூசையின் டிரிப் ஷீட் நகலையும் நீட்டினார். கோதண்டபாணியின் முகத்தில் ஈயாடவில்லை. நகராட்சி வக்கீல் அவகாசம் கேட்டார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க குழி இல்லைன்னா, உங்க இடத்திலிருந்து வந்த குழின்னு எதுக்கு அபராதம் போட்டீங்க? உங்க குழிதான்னா, அஞ்சாம் தேதி அது எப்படிச் சமதரையா இருந்துச்சு? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்."

வக்கீல் பொறியாளரைப் பார்த்தார், பொறியாளர் குழியைப் பார்த்தார். குழி வழக்கம்போல் வாயைத் திறந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் எதுவும் சொல்லவில்லை. அது சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

சாப்பாட்டு நேரத்துக்குள் உத்தரவு வந்துவிட்டது. தடுப்பும் விளக்கும் இல்லாமல் குழியைத் திறந்து போட்டது நகராட்சியின் கவனக்குறைவு. பொய்த் தேதி போட்டவர்கள்மேல் காவல்துறை வழக்குப் பதிய வேண்டும். நஷ்டஈடு பற்றி அடுத்த மாதம் விசாரணை. குழியை நகராட்சி இன்றே திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். இறந்தவர் பேரில் உள்ள ‘சொந்தக் கவனக்குறைவினால்’ என்ற சொற்களைப் பதிவேட்டிலிருந்து நீக்க வேண்டும்.

குழியை அன்றைக்கே கூட்டிக்கொண்டு போனார்கள். கோதண்டபாணியின் அறையில் மேசைக்கும் கதவுக்கும் நடுவே மட்டும்தான் இடம் இருந்தது. போலீஸ் வந்து அழைத்தபோது அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் வெளியே வந்தாராம்.

தனபாக்கியம் மட்டும் கிளம்பவில்லை. உத்தரவு என்று வாயால் சொன்னால் ஆச்சா? அந்தச் சொற்களை அடித்ததைக் கண்ணால் பார்க்க வேண்டும். நீதிமன்றக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்த பதிவுப் பிரிவுக்கு ஏறிப் போனாள். கிளார்க் பழைய பதிவேட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திருப்பி, உத்தரவைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அடிச்சிடலாம்மா. ஆனா இது ஒருத்தரோட நடத்தையைப் பத்தின குறிப்பு. திருத்துறதுக்குச் சம்பந்தப்பட்டவர் நேர்ல வந்து பக்கத்துல கையெழுத்துப் போடணும்."

"வாரிசு போட்டா ஆகாதா?"

"ஆகாது. சம்மன் அனுப்பிடறேன்."

சம்மன் கொண்டுபோய்ச் சேர்க்கும் கோர்ட்டு அமீனா அதை எடுத்துக்கொண்டு போனார். நாலு நாள் கழித்து, முழங்கால் வரை செம்மண்ணோடு திரும்பி வந்தார். "கையில வாங்கிக்கிட்டார்மா. வியாழக்கிழமை வர்றேன்னு சொல்லச் சொன்னார்."

வியாழக்கிழமை தனபாக்கியம் பள்ளிக்கூடத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு, பத்தரை மணிக்கே கவுன்ட்டர் முன்னால் போய் நின்றாள். கௌசல்யா கீழே வாசலில் நின்றாள், அப்பா வழி தெரியாமல் வேறு கட்டடத்துக்குப் போய்விடக் கூடாதே என்று. பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. கவுன்ட்டர் ஒரு மணிக்கு மூடிவிடும், அதற்குப் பிறகு அடுத்த மாதம்தான் என்று கிளார்க் இரண்டு தடவை சொல்லிவிட்டார். சுவர்க் கடிகாரம் ஒன்றைத் தொட்டது. கிளார்க் பதிவேட்டை மூடி, டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு, கவுன்ட்டர் கதவை இழுத்தார்.

தனபாக்கியம் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே கையை வைத்தாள்.

"கையை எடும்மா. நேரம் முடிஞ்சுபோச்சு."

"எடுக்க மாட்டேன். இந்த ஒரு வரிக்காக ரெண்டு மாசமா நிக்கிறேன். கையை நசுக்கிட்டு வேணா மூடுங்க."

"ஆள் வரலையேம்மா."

"வந்துட்டார்" என்றாள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கீழே படிக்கட்டில், ஒரு படிக்கு ஒரு நிறுத்தமாக, செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "முழங்கால் வலிக்காரர், மெதுவாத்தான் ஏறுவார். உக்காருங்க."

கிளார்க் காது கொடுத்துக் கேட்டார். பிறகு டிபன் கேரியரைக் கீழே வைத்துவிட்டு, பதிவேட்டைத் திறந்து, பேனாவின் மூடியைக் கழற்றினார்.